லீவு முடிந்த வீடு

எப்ப வந்தீங்கன்னு கேட்டீங்க, சரி. கூடவே எப்பப் போறீங்கன்னும் கேட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் அக்கா எனக்குப் பத்திக்கிட்டு வருது. கோவம் உங்க மேல இல்ல. நீங்க ஜன்னல் சீட்டை வேற விட்டுக்கொடுத்திருக்கீங்க. தப்பு என் பையோடது. ஏர்போர்ட்ல ஒட்டின டேக்கைப் பிய்க்காமத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிஞ்சா யாரா இருந்தாலும் கேட்கத்தான் செய்வாங்க. பிய்க்கலாம். சோம்பேறித்தனம். கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை எதுக்கு மறைக்கணும்.

நாங்க போகல அக்கா. மஸ்கட்டை மொத்தமா முடிச்சுட்டு வந்துட்டோம். அப்பா ஒரு கம்பெனில ஸ்டோர்கீப்பர். கம்பெனியை வேற ஆளுங்க வாங்கினாங்க, பழைய ஆளுங்களுக்கு நன்றின்னு ஒரு கேக் வெட்டினாங்க, அவ்வளவுதான். நான் பன்னெண்டாவது பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இழுத்துப் பிடிச்சாரு. மார்க்கைக் கேட்காதீங்க. இவ்வளவுதான் எழுதப்போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அவரு கேக் வெட்டின மறுநாளே கிளம்பியிருக்கலாம்.

நான் இறங்கற பாவூர்சத்திரம் வர இன்னும் நேரம் இருக்கு. நீங்க திருநெல்வேலி வரைக்கும்தானே? அப்பக் கேளுங்க.

கடையநல்லூர் பக்கத்துல எங்களுக்கு வீடு இருக்கு. அப்பா அங்கேர்ந்து பணம் அனுப்பி, என் சித்தப்பா இங்க நின்னு கட்டின வீடு. கட்டினதும் பூட்டி வைக்க வேண்டாம்னு சித்தப்பா குடும்பத்தையே குடிவச்சுட்டாரு. சித்தப்பா வேலாயுதம், சித்தி செண்பகம், அவங்க மக உலகம்மை. அவளுக்கும் என் வயசுதான். அவ பேரு உலகம்மை, ஆனா அப்பெல்லாம் தென்காசி தாண்டினதில்ல. நான் கோமதி, விமானத்துல போய்ட்டு வர்றவ. எனக்குத்தான் உலகம் தெரியும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

வருஷா வருஷம் லீவுக்கு வருவோம். லீவுன்னா என்ன தெரியுமா அக்கா? நாங்க வர்றதுக்கு முன்னாடியே சித்தி பெரிய ரூமைக் காலி பண்ணிட்டு, தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் பின்கட்டு ரூமுக்கு மாத்திருவாங்க. உலகா அவ ரூமை எனக்குக் கொடுத்துட்டு, புத்தகத்தைச் சாக்குல கட்டிக்கிட்டு அடுக்களையில பாய் விரிச்சுப் படுப்பா. காலையில மீன், மத்தியானம் ஆடு, சாயங்காலம் யாராவது வந்து உளுந்தவடை. நாங்க ஆளுக்கு ஒரு சோப்பு, ஒரு செண்டு, ஒரு பாக்கெட் சாக்லேட்டுன்னு கொடுப்போம். அவங்க முறுக்கு, வத்தல், அரைச்ச மசாலான்னு கட்டிக் கொடுப்பாங்க. பொருளை மாத்திக்கிட்டு அழுதுட்டுப் போவோம்.

இதைத்தான் நான் ஊருன்னு நினைச்சிருந்தேன். மஸ்கட்ல தமிழ்ச் சங்க விழாவுல ‘எங்கள் ஊர்’னு பேசி முதல் பரிசு வேற வாங்கியிருக்கேன். அருவி, சாரல், அன்பு, அது இதுன்னு நான் அடிச்சுவிட்டதைக் கேட்டு முன்வரிசையில ரெண்டு ஆன்ட்டி கண்ணைத் துடைச்சாங்க. எங்க தெருவுல நல்ல தண்ணி என்னைக்கு வரும்னு கேட்டிருந்தா அப்பவே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். விமானம் திருவனந்தபுரத்துல இறங்குறதுக்கு முன்னாடி அப்பா எங்கம்மா பக்கமும் என் பக்கமும் திரும்பி, “லீவுலதான் வந்திருக்கோம்னே இருக்கட்டும். நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்”னாரு.

“எப்பச் சொல்வீங்க?”ன்னு கேட்டேன்.

“நேரம் பாத்து.”

அவருக்கு என்ன கஷ்டம்னு எனக்குப் புரிஞ்சது அக்கா. மொத்தமா வந்துட்டோம்னு சொன்னா, அடுத்த வார்த்தை என்ன? சித்தப்பா எங்க போவாரு? ‘நீ கிளம்பு’ன்னு தம்பியைப் பாத்து அண்ணன் சொல்ல முடியுமா? சொல்லாம இருந்தா, வீடு தன்னால பெருசாகும்னு நினைச்சாரோ என்னவோ.

எனக்குப் பொய் வராது. எல்லாருக்கும் தெரியும். ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்கறது பொய் இல்லையேன்னு நானும் மூடிக்கிட்டேன். சாப்பாடு நல்லா இருந்ததும் ஒரு காரணம்.

முதல்ல எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. வேன்லேர்ந்து பெட்டியை இறக்கினாங்க, சித்தி ஆரத்தி எடுத்தாங்க, சொந்தக்காரங்க வந்தாங்க. வர்றவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி அதே ரெண்டு கேள்வி. எப்ப வந்தீய, எப்பப் போறீய. அப்பா ரெண்டாவது கேள்வி வந்ததும் டீ குடிக்க ஆரம்பிச்சிருவாரு. காலி டம்ளரையும் குடிச்சதை நான் பாத்திருக்கேன்.

அங்க ஒரு சிக்கல். மொத்தமா வர்றோம்ல, அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டேன்னு வீட்டுச் சாமானை எல்லாம் பெட்டியில அடைச்சாங்க. மிக்ஸி, ஜன்னல் கர்ட்டன், பாத்ரூம் மக்கு வரைக்கும். எடை தாண்டிருச்சு. அதனால கொடுக்கறதுக்குச் சோப்பு, செண்டு வாங்க இடம் இல்ல. நாலு பேர் பாக்க வந்ததுமே கையில இருந்த கொஞ்சமும் காலி. அப்புறம் என்ன செய்ய? அம்மாவும் நானும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய், ஃபாரின் சாமான் விக்கிற கடையில மஸ்கட் சோப்பு வாங்கிட்டு வந்தோம்.

சிரிங்க அக்கா, பரவால்ல. மஸ்கட்லேர்ந்து வந்தவங்க மஸ்கட் சோப்பைத் திருநெல்வேலில வாங்கி, கடையநல்லூர்ல கொடுத்தோம். கடைக்காரர் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கறது என் வேலை. பாத்ரூம்ல உக்காந்து நகத்தால சுரண்டுவேன். ஒண்ணுல விட்டுப்போச்சு. அது போய்ச் சேர்ந்தது அப்பாவோட அத்தை மகன் வீட்டுக்கு. அவரு சாயங்காலமே வந்து, “ஏம்மா, மஸ்கட்லயும் ரூவாலதான் விக்கானா?”ன்னாரு. அம்மா, “இப்ப அங்க எல்லாம் அப்படித்தாண்ணே”ன்னு சொன்னாங்க பாருங்க. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். எனக்குப் பொய் வராதுன்னு சொன்னேன்ல.

நாள் போகப் போகச் சாப்பாடு இறங்க ஆரம்பிச்சது. நெய்மீன் விலை குறைஞ்ச சாளை மீனாச்சு. சாளை முட்டைக்குழம்பாச்சு. ஒருநாள் ரசமும் துவையலும் வந்தது. சித்தி மூஞ்சி அப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்க் கிடக்கு. எத்தனை நாளைக்கு அக்கா ஒரு மனுஷி விருந்து வைப்பா? உதவிக்குப் போனா, “நீ உக்காரு தாயி, லீவுக்கு வந்த பிள்ள”ம்பாங்க. அம்மா வெங்காயத்தைக் கையில எடுத்தா, “நீங்க வைங்கக்கா”ன்னு பிடுங்கிருவாங்க. எங்களை வேலை செய்ய விட்டா நாங்க வீட்டாளுங்க ஆயிருவோம்ல. அது அவங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். நானா இப்படி யோசிச்சேன். சரியா தப்பான்னு தெரியல.

உலகாகிட்ட ஒருநாள், “ஏட்டி, உனக்கு எரிச்சலா இல்லியா? உன் ரூமு, உன் கட்டிலு”ன்னேன். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படிக்கிறா அவ, அடுக்களை மேடையில பேப்பரை விரிச்சு விரலால தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருந்தா. தலையைத் தூக்காமலே, “லீவுதானட்டி”ன்னா.

அந்த ‘தானட்டி’ எனக்குச் சுருக்னு குத்திச்சு.

அப்புறம் ஒருநாள் காலையில எந்திரிச்சு வரேன், வீடு பூரா மல்லி வறுக்கற வாசம். முற்றத்துல வத்தல் காயுது. சித்தி சீரகம், மிளகு, கடலைப்பருப்பெல்லாம் தனித்தனியா வறுத்துக் கொட்டி வச்சிருக்காங்க. ஒரு பக்கம் முறுக்கு மாவு. சித்தப்பா ஊறுகாய் பாட்டில் மூடிக்கு டேப் சுத்திக்கிட்டிருக்காரு. இது என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு லீவு முடியறப்பவும் நடக்கறதுதான். எங்களைக் கட்டி அனுப்பறதுக்கு ஏற்பாடு. வாயால சொல்லாம வறுத்துச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நீங்க கிளம்புங்கன்னு.

அப்பா முற்றத்தைப் பாத்தாரு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அம்மா குளிக்கப் போயிட்டாங்க. வழக்கமா அவங்க குளிக்கிற நேரமே இல்ல அது.

இதுக்கு மேல எனக்குப் பொறுக்கல அக்கா. முற்றத்துல போய் நின்னு, “சித்தி, நாங்க போகல. மொத்தமா வந்துட்டோம். அப்பாவுக்கு அங்க வேலை இல்ல. நீங்க கஷ்டப்பட்டு எதையும் கட்டாதீங்க”ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன் வேற. ஏதோ பெரிய உண்மையைக் கொண்டாந்து இறக்கின மாதிரி.

சித்தி அகப்பையைக் கீழ வைக்கல. “தெரியும்ட்டி”ன்னாங்க.

“என்ன தெரியும்?”

“வந்த அன்னைக்கே தெரியும். லீவுக்கு வாரவ எவளாவது பாத்ரூம் மக்கைக் கொண்டுக்கிட்டு வருவாளா?”

சித்தப்பா டேப் சுத்தறதை நிறுத்திட்டுச் சிரிச்சாரு. அவரு சிரிச்சா சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும்.

“தெரிஞ்சும் ஏன் சித்தி கேட்கல?”

“அத்தான் சொல்லுவாகன்னு இருந்தோம். உங்கப்பா வாயால வரணும்லா.”

“அப்ப இது யாருக்கு?”ன்னு மசாலாவைக் காட்டினேன்.

“எங்களுக்குத்தான்”ன்னாங்க. “பாவூர்சத்திரத்துல வீடு பாத்தாச்சு. போற இடத்துல உடனே அரைக்க மில்லைத் தேடிக்கிட்டு அலைய முடியாதுல்லா.”

சித்தப்பா அங்க மார்க்கெட்லதான் ஒரு கமிஷன் கடையில கணக்குப் பாக்காரு. தக்காளி லாரி வர்ற நேரத்துக்கு இருட்டோட வண்டி ஓட்டிப் போகணும். “பக்கத்துல இருந்தா எனக்கும் அலைச்சல் மிச்சம், தாயி”ன்னாரு. அந்த அலைச்சலை அவரு இத்தனை வருஷமா அலைஞ்சவரு, திடீர்னு எப்படிக் கஷ்டமாச்சுன்னு நான் கேட்கல. எல்லாத்தையும் கேட்கிற வாய், அன்னைக்கு அதை மட்டும் கேட்கல.

மத்தியானம் அப்பா வந்ததும் சித்தப்பாவே சொல்லிட்டாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முன்னறையில எதிர் எதிர் நாற்காலியில உக்காந்திருந்தாங்க. அப்பா எந்திரிச்சு ஃபேனைக் கூட்டி வச்சுட்டு வந்து உக்காந்தாரு.

“மார்க்கெட்டுப் பக்கம்னா உனக்கும் சவுகரியம்தான்”னாரு.

“ஆமாண்ணே.”

“வீடு காத்தோட்டமா இருக்கால?”

“இருக்குண்ணே.”

அவ்வளவுதான் பேச்சு. ‘இருங்கல, எங்க போறீய’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அப்பா. வீட்ல மூணு ரூமு இருக்கு, மாடி மொட்டையா கிடக்கு. அவரு சொல்லல. அம்மா சொல்லல. ஊருக்கு முன்னாடி உண்மையைப் போட்டு உடைக்கிற நானும் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கும் அந்த வார்த்தை வரல. உண்மையைச் சொல்றது லேசு அக்கா. சொல்லிட்டு நெஞ்சை நிமித்திக்கலாம். ‘இருங்க’ன்னு சொல்ல வேற ஏதோ வேணும்போல. அது எங்க வீட்ல யாருகிட்டயும் ஸ்டாக் இல்ல.

அந்த வாரமே லோடு ஆட்டோ வந்தது. சாமானை ஏத்தினதும் நாங்க மூணு பேரும் கேட்ல வரிசையா நின்னோம். எப்பவும் அவங்க நிக்கிற இடம் அது. அங்க நின்னா கையை என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியல. கட்டிக் கொடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அம்மா ஓடிப்போய் மிச்சமிருந்த செண்டு பாட்டிலை எடுத்துட்டு வந்து சித்தி கையில வச்சாங்க. சித்தி அதை மோந்து பாத்துட்டு, “நல்ல வாசம்க்கா”ன்னு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. உலகா என் பக்கத்துல வந்து, “கட்டில்ல வலப்பக்கம் படுக்காத, பலகை இறங்கும்”னு மட்டும் சொன்னா. நான் இத்தனை லீவும் வலப்பக்கம்தான் படுத்திருக்கேன்.

சரி, இனிமே நம்ம வீடு நமக்குன்னு உள்ள போனோம். போனா, வீடு எங்க பேச்சைக் கேட்கல அக்கா.

பால்காரர் வந்தாரு, “வேலாயுதம் இல்லியா?”ன்னுட்டு ஊத்தாமப் போயிட்டாரு. கேஸ் புக் சித்தப்பா பேர்ல. டிவி கனெக்‌ஷன் சித்தப்பா பேர்ல. பின்வாசல் கதவை ஒரு தூக்குத் தூக்கித்தான் பூட்டணுமாம், அது தெரியாம அப்பா தோளால இடிச்சுச் சாவியை வளைச்சாரு. தெருவுல யாருக்காவது வழி சொன்னா, “வேலாயுதம் வீடா?”ன்னுதான் கேட்கிறாங்க. நாங்க அந்த வீட்டுக்குச் சொந்தக்காரங்க. பத்திரம் இருக்கு. ஆனா பாருங்க, வீட்டுக்காரங்க கிளம்பிப் போயிட்டாங்க, விருந்தாளிங்க மட்டும் வீட்ல உக்காந்திருக்கோம். எங்களுக்குச் சமைச்சுப் போட ஆளில்ல. அம்மா வைக்கிற குழம்பைத் தின்னுட்டு அப்பா ஒருநாள் தெரியாம, “செண்பகம் எங்க?”ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு நான்தான் போட்டேன்.

உச்சகட்டம் என்னன்னா தண்ணி. பின்பக்கம் போர்வெல் மோட்டார் பக்கத்துல குழாய் குழாயாப் போகுது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால்வு. எதைத் திறந்தா டேங்குக்கு ஏறும், எதை மூடணும்னு சித்தப்பாவுக்குத்தான் தெரியும். எங்கப்பா மஸ்கட்ல ஒரு கிடங்கையே கட்டி ஆண்டவரு. எந்த நட்டு எந்த அலமாரியிலன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாரு. அவரு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வால்வு முன்னாடி நின்னு ரொம்ப யோசிச்சு ஒண்ணைத் திருகினாரு. டேங்குல ஒரு சொட்டு ஏறல. பக்கத்து வீட்டுப் பெரியம்மா காயப்போட்டிருந்த கூழ்வத்தல் எல்லாம் தெருவுல மிதந்து போச்சு. இன்னொண்ணைத் திருகினாரு. கைப்பிடி கையோட வந்துருச்சு.

பெரியம்மா அப்பாவைப் பாத்து, “நீங்க எப்பப் போறீய?”ன்னாங்க. ஊருக்கே தெரிஞ்ச பிறகும் கேட்டாங்க.

இன்னைக்குக் காலையில அப்பா, “நீ பாவூர்சத்திரம் போய்ட்டு வா. எந்த வால்வுன்னு சித்தப்பாகிட்ட நல்லாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வா”ன்னாரு.

போன்ல கேட்டா என்னன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். “போன்ல சொன்னா விளங்காது”ன்னாரு. போட்டோ எடுத்து அனுப்பலாமேன்னேன். “கழுதை, சொன்னதைச் செய்யி. நீதானே வாயைத் திறந்து அவங்களை அனுப்பி வச்சே”ன்னு கத்தினாரு. கத்திட்டுப் பையில ஒரு பொட்டலம் அல்வா வச்சாரு. ஒரு வால்வு விவரம் கேட்க அல்வா எதுக்குன்னு எனக்குப் புரியல. புரியாத ஆளுங்கக்கா எங்க வீட்ல. நேரா ஒரு வார்த்தை பேசத் தெரியாது.

நான் போய் நேராத்தான் கேட்கப்போறேன். வால்வு எதுன்னு கேட்டு, பேப்பர்ல படம் போட்டு வாங்கிக்கிட்டு, அடுத்த பஸ்ல திரும்பிருவேன். வேற ஏதாவது பேசணுமான்னா... பேசணும். பேசலாம். எப்படி ஆரம்பிக்கன்னுதான் தெரியல. ‘சித்தி, பின்வாசல் பூட்ட மாட்டேங்குது’ன்னு ஆரம்பிக்கலாமா? அது ஏதோ மெக்கானிக்கைக் கூப்பிடற மாதிரி இருக்கு இல்ல? ‘சித்தி, மாடி சும்மாதான் கிடக்கு’? அதுவும் வாடகைக்கு விடற மாதிரி இருக்கு. தமிழ்ப் பேச்சுல முதல் பரிசு வாங்கினவ நான்.

ஒரு நிமிஷம்க்கா, போன் அடிக்குது. உலகாதான்.

சொல்லுட்டி... பஸ்லதான், தென்காசி தாண்டிட்டேன்... என்னது? யாரு? எதுக்கு?... நான்தான் வந்துக்கிட்டிருக்கேனேட்டி, வந்து கேட்டுக்கிட மாட்டேனா?... ம்... சித்தியுமா?... ஸ்பேனர் எடுத்தாராட்டி?... சரி. சரி வை.

பாத்தீங்களா அக்கா. வால்வு கேட்க வரேன்னு காலையில உலகாவுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். அவ சித்தப்பாகிட்டச் சொல்லியிருக்கா. சித்தப்பா கடைக்கு லீவு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குக் கிளம்பிட்டாராம். அவருக்கு விவரம் சொல்லி அனுப்ப வராதாம், நேர்ல நின்னு திருகினாத்தான் உண்டாம். சித்தியும் பின்னாடி ஏறிட்டாங்க. தூக்குவாளியில குழம்பு, பையில மாத்துச்சேலை. உலகா டைப்ரைட்டிங் கிளாஸ் முடிச்சுட்டு சாயங்காலம் பஸ்ல வாராளாம். பாவூர்சத்திரம் வீடு பூட்டிக் கிடக்கு.

அப்ப நான் இந்த பஸ்ல எங்கக்கா போறேன்?

ஒரு வால்வு. ஒத்தை வால்வு. கைப்பிடி வேற உடைஞ்சு கிடக்கு, ஸ்பேனர் எடுத்தாரான்னு கேட்டேன், அதெல்லாம் எடுக்கலையாம். ஸ்பேனரை விட்டுட்டு மாத்துச்சேலையை எடுத்துக்கிட்டுப் போற ஆளுங்களை என்ன சொல்றது? இதுங்களோட நான் எப்படிக் காலம் தள்ளப்போறேன்னே தெரியல.

நீங்க ஏன் சிரிக்கிறீங்க? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

சரி, விடுங்க. கொஞ்சம் காலை ஒதுக்குங்கக்கா, இறங்கிக்கிறேன். கண்டக்டர் அண்ணே, அடுத்த ஸ்டாப்புல நிறுத்துங்க. டிக்கெட் பாவூர்சத்திரத்துக்குத்தான் எடுத்தேன், தெரியும், பரவால்ல. கடையநல்லூர்ப் பக்கம் திரும்பிப் போற பஸ் எங்க நிக்கும்? சீக்கிரம் வருமா? அவங்க போய்ச் சேர்றப்ப வீட்ல நான் இருக்கணும். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தா, “வாங்க”ன்னுகூடச் சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்பாங்க.